போஸ்கேயா, சான் பெட்ரோவா, சிபோலாவா: ஃபீனிக்ஸிலிருந்து எந்தப் பாலைவன ஆற்றுக்குப் போவது?

நவம்பர் பிறந்துவிட்டால் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி பக்கத்து நம் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். கிராண்ட் கேன்யன், செடோனா, லாஸ் வேகஸ் மூன்றும் பார்த்தாகிவிட்டது. "பறவையெல்லாம் வர்ற இடம் ஒண்ணு இருக்காமே, எங்கண்ணா அது?" என்று யாராவது கேட்பார்கள். ஆளுக்கொரு பதில் வரும். நியூ மெக்சிகோ போய்வந்தவர் போஸ்கே டெல் அபாச்சி என்பார். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் சான் பெட்ரோவை விட்டு இறங்கமாட்டார். "அவ்வளவு தூரம் எதுக்கு, ப்ளைத் ஊரைத் தாண்டினா சிபோலா இருக்கே" என்பார் மூன்றாமவர். கேட்டவர் குழம்பிப்போய் மறுபடி செடோனாவுக்கே வண்டியை விடுவார்.

மூன்றுமே பாலைவனத்தின் நடுவே ஓடும் ஆற்றை ஒட்டிய, அரசு பாதுகாக்கும் நிலங்கள். ஒற்றுமை அதோடு சரி. போஸ்கேயில் ரியோ கிராண்டே தண்ணீரை மனிதர்கள் மதகு திறந்து மூடிப் பறவைகளுக்குப் பரிமாறுகிறார்கள். சான் பெட்ரோ அணையில்லாத ஆறு. அது இஷ்டப்பட்டால் ஓடும், இல்லாவிட்டால் மணலுக்குள் போய்விடும். சிபோலாவில் இருப்பது அணைகளால் கட்டுண்ட கொலராடோ ஆற்றுக்கு நஷ்டஈடாகக் கிடைத்த நிலம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் எங்கே என்ன கிடைக்கும், எங்கே ஏமாற்றம் வரும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

மாதம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்க்கவேண்டும். கொக்குக் கூட்டம் குளிர்காலத்துக் காட்சி. ஜூலையில் போஸ்கேக்குப் போனால் வெயிலும் கொசுவும்தான் மிச்சம். சான் பெட்ரோவில் இது அப்படியே தலைகீழ்: ஏப்ரல், மே மாதங்களும் மழை இறங்கிய ஆகஸ்ட் மாதமும்தான் அங்கே களை கட்டும் காலம்.

காரில் யார் யார். மூட்டுவலிக்காரர் ஒருவர் இருந்தாலே கணக்கு மாறிவிடும். காரை விட்டு இறங்காமல் பார்க்க முடியுமா, கழிப்பறை எவ்வளவு தூரம், உட்கார இடம் உண்டா என்பதெல்லாம் பறவைப் பட்டியலைவிட முக்கியம்.

நிச்சயமா, அதிர்ஷ்டமா. சிலருக்குப் போன இடத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள் கண்முன்னால் எழும்ப வேண்டும். சிலருக்கு ஒரே ஒரு பச்சை மீன்கொத்திக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே சுகம். ஒரே காரில் இரண்டு ரகமும் இருந்தால் முதல் ரகத்துக்குத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாம் ரகத்தார் எங்கே விட்டாலும் பொழுதைப் போக்கிக்கொள்வார்கள்.

உண்மையான செலவு. நுழைவுக் கட்டணம் எங்குமே பெரிதில்லை. அறை, பெட்ரோல், குளிர் உடுப்பு, சாப்பாடு, விடியற்காலையில் எழுந்த களைப்போடு திரும்ப ஓட்டும் நேரம் ஆகியவைதான் செலவு.

தாள்கள். சான் பெட்ரோ மெக்சிகோ எல்லையை ஒட்டியது. அங்கே பாஸ்போர்ட் விஷயம் உண்டு, கீழே சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | போஸ்கே டெல் அபாச்சி | சான் பெட்ரோ | சிபோலா |
|---|---|---|---|
| ஆறு | ரியோ கிராண்டே | சான் பெட்ரோ | கொலராடோ |
| மாநிலம் | நியூ மெக்சிகோ | தென்கிழக்கு அரிசோனா | அரிசோனா – கலிபோர்னியா எல்லை |
| பாதுகாப்பு வந்த ஆண்டு | 1939 | 1988 | 1964 |
| பரப்பு | 57,331 ஏக்கர் | சுமார் 57,000 ஏக்கர் | 16,000 ஏக்கருக்கு மேல் |
| சாண்ட்லரிலிருந்து கார்ப் பயணம் | ஏறக்குறைய 7 மணி நேரம் | சுமார் 3 மணி நேரம் | சுமார் 3 மணி நேரம் |
| நல்ல காலம் | நவம்பர் நடு – ஜனவரி கடைசி | ஏப்ரல் – மே, ஆகஸ்ட் – செப்டம்பர் | டிசம்பர் – ஜனவரி |
| காரிலிருந்தே பார்க்கலாமா | தாராளமாக | முடியாது, நடக்கவேண்டும் | முடியும் |
| இரவு தங்கல் | கட்டாயம் | தங்கினால் நல்லது | தேவையில்லை |
| கட்டணம் | வண்டிக்குச் சில டாலர் | இல்லை | இல்லை |
| ஏமாறும் வாய்ப்பு | குறைவு | உண்டு | நடுத்தரம் |

## போஸ்கே டெல் அபாச்சி: பந்தி போட்டு வரவேற்கும் இடம்

சொக்கோரோ என்ற சிற்றூருக்குத் தெற்கே சுமார் 20 மைலில் இருக்கிறது. சிவாவா பாலைவனத்தின் வட விளிம்பு. 1941-இல் இங்கே குளிர்காலம் கழித்த சாண்ட்ஹில் கொக்குகள் வெறும் 17. இன்றைக்குப் பல ஆயிரம் கொக்குகளும் அவற்றைவிட அதிகமாகப் பனி வாத்துகளும் வந்து இறங்குகின்றன. இடையில் நடந்தது முழுக்க முழுக்க விவசாயம். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து பாத்தி பாத்தியாகக் குளங்கள் அமைத்திருக்கிறார்கள். கோடையில் சில குளங்களை வடியவிட்டு ஈரமண்ணில் காட்டுப்புல் விதை பிடிக்க வைப்பார்கள். இலையுதிர் காலத்தில் அவற்றில் தண்ணீர் கட்டுவார்கள். பக்கத்து வயல்களில் சோளம் விளைவித்து, அறுக்காமல் நிற்கவிட்டு, குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சாய்ப்பார்கள். பறவைகளுக்குச் சாப்பாடும் ஆச்சு, பக்கத்து ஊர் விவசாயிகளின் வயலும் தப்பித்தது.

இதனால்தான் இங்கே ஏமாறும் வாய்ப்பு குறைவு. ஐடஹோவில் முட்டையிட்டு, வழியில் கொலராடோ மாநிலத்தின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் தங்கிவரும் கொக்குகளுக்கு டிசம்பரில் இந்த இடம் நிச்சயம். ராத்திரி ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடி தூங்கும், நரியின வேட்டை மிருகமான கொயோட்டி நெருங்கினால் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் குளத்தில் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே முதல் நாள் மாலையே பார்வையாளர் மையத்தில் "நாளைக் காலையில் எங்கே நிற்பது?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்துகள் எழுவதும் கொக்குகள் எழுவதும் இரு வேறு காட்சிகள். வாத்துகள் வெளுக்கும் நேரத்தில் ஏதோ ஒரு நொடியில் மொத்தமாகக் கிளம்பும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கூட்டம் அதைப் படமெடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடும். நீங்கள் ஏறாதீர்கள். கொக்குகள் அதற்கப்புறம்தான், வெயில் ஏற ஏற, மூன்று நான்காகக் கிளம்பும். கிளம்பப்போகும் கொக்கு முதலில் தான் போகும் திசையைப் பார்த்துக் கழுத்தை நீட்டி உடம்பை முன்னால் சாய்த்து நிற்கும். பக்கத்தில் நிற்கும் ஜோடியும் குஞ்சும் அதே மாதிரி சாயும். பிறகு நாலு எட்டு ஓடி எழும்பும். இந்தச் சாய்வைக் கண்டுகொண்டால் கேமராவை எப்போது தூக்குவது என்பது தெரிந்துவிடும். முந்தைய ராத்திரி நன்றாக உறைந்திருந்தால் பனிக்கட்டி மேல் நடக்கும்போது வழுக்கி, இறக்கையை விரித்துச் சமாளிக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

குஞ்சை அடையாளம் காண்பது சுலபம்: நெற்றியில் சிவப்பு இருக்காது, தலை மட்டும் பழுப்பாக இருக்கும். இங்கே இன்னொரு கதையும் உண்டு. 1975-இல் தொடங்கி, அழிவின் விளிம்பில் இருந்த வூப்பிங் கொக்கின் முட்டைகளை ஐடஹோவில் சாண்ட்ஹில் கொக்குகளின் கூட்டில் வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வளர்ந்தன, வளர்ப்புப் பெற்றோரோடு போஸ்கேக்கும் பறந்து வந்தன. ஆனால் தங்களை சாண்ட்ஹில் என்றே நினைத்துக்கொண்டு தங்கள் இனத்தோடு ஜோடி சேரவேயில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இங்குள்ள 12 மைல் கார்ச் சுற்றுப்பாதை பெரிய வரம். மண் பாதைதான், ஆனாலும் சாதாரண கார் போகும். கார் ஜன்னலை இறக்கினால் போதும், கொக்கு சோளம் கொத்துவது தெரியும். காரும் மறைவிடம்தான்: ஆள் இறங்கினால் பறவை நகர்ந்துவிடும், கார் நின்றால் கண்டுகொள்ளாது.

இனி செலவுக் கணக்கு. யுஎஸ் 60 நெடுஞ்சாலை வழியாகப் போனால் ஷோ லோ, ஸ்பிரிங்கர்வில் என்று மலைப்பாதை. டிசம்பரில் அங்கே பனி பெய்யும், டயர் நிலைமை பார்த்துக் கிளம்பவேண்டும். (வழியில் சான் அகஸ்டின் சமவெளியில் 27 பெரிய ரேடியோ தொலைநோக்கி ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும். அப்பா இன்ஜினியராக இருந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) விமானத்தில் ஆல்புகர்க்கி போய் வாடகைக் கார் எடுத்தால் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு பேருக்கு விமானம் கட்டுப்படியாகும். ஐந்து பேருக்குக் கார்தான். எப்படிப் போனாலும் விடியலைப் பார்க்க சொக்கோரோவில் ஒரு ராத்திரி தங்கியே ஆகவேண்டும். மாலையில் பறவைகள் திரும்பி இறங்குவதையும் பார்க்க விரும்பினால் இரண்டு ராத்திரி. கொக்குத் திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். அதற்கு அடுத்த வாரம் போனால் அதே பறவைகள்தான், கூட்டம் மட்டும் பாதி.

குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி உயரம். டிசம்பர் விடியலில் உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். சென்னையிலிருந்து வந்த அம்மாவுக்கு ஒரு மப்ளர் போதாது: கையுறை, இரட்டை சாக்ஸ், காதை மூடும் குல்லா எல்லாம் வேண்டும். பக்கத்து ஊரான சான் அன்டோனியோ பச்சை மிளகாய் சீஸ்பர்கருக்குப் பேர்போனது. (ஹில்டன் ஓட்டல்களைத் தொடங்கிய கான்ராட் ஹில்டன் பிறந்த ஊரும் அதுதான்.) சைவம் சாப்பிடுபவர்களுக்கு அங்கே அதிகம் இல்லை. புளியோதரையும் பிளாஸ்க் நிறையக் காபியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

போஸ்கேயிடம் எனக்கு ஒரே ஒரு குறை. எல்லாம் ஏற்பாடாக இருப்பதால் ஆறு எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரிவதில்லை. குளத்தைப் பார்த்துவிட்டு "ரியோ கிராண்டே பார்த்தாச்சு" என்று திரும்புகிறார்கள். ஆனால் அந்த ஆறு இந்தப் பகுதியில் கோடையில் மைல் கணக்கில் வற்றுகிறது. 2022 ஜூலையில் ஆல்புகர்க்கி நகரத்துக்குள்ளேயே காய்ந்தது, நாற்பது வருஷத்தில் அப்படி ஆனதில்லை. மதகுக்குள் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக ஆற்றில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

## சான் பெட்ரோ: வாக்குறுதி தராத ஆறு

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பிறந்து வடக்கு நோக்கி ஓடி ஹீலா ஆற்றில் சேர்கிறது. அமெரிக்கத் தென்மேற்கில் பெரிய அணை எதுவும் கட்டப்படாமல் மிஞ்சியிருக்கும் ஒருசில ஆறுகளில் ஒன்று. 1988 நவம்பரில் அமெரிக்க காங்கிரஸ் எல்லையிலிருந்து வடக்கே சுமார் 40 மைல் நீளத்துக்கு இதன் கரையைப் பாதுகாப்புப் பகுதியாக்கியது. ஆற்றங்கரைக்காகவே தேசிய அளவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் பகுதி இதுதான். 350 வகைப் பறவைகள் வந்துபோகின்றன, அதில் ஏறக்குறைய 100 இங்கேயே கூடு கட்டுகின்றன.

சியரா விஸ்டா என்ற ஊரிலிருந்து கிழக்கே நெடுஞ்சாலை 90-இல் சில மைல் போனால் சான் பெட்ரோ ஹவுஸ் என்ற பழைய பண்ணைவீடு வரும். தன்னார்வலர்கள் நடத்தும் சின்னக் கடை, தேன்சிட்டு மாதிரி மிதந்து குடிக்கும் ஹம்மிங்பேர்டுகளுக்கான தண்ணிக்குடுவைகள், முற்றத்தில் பிரம்மாண்டமான காட்டன்வுட் மரம். அங்கிருந்து புல்வெளி வழியே அரை மைல் நடந்தால் ஆறு. முதல்முறை வரும் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுதான் ஆறா?" பல இடங்களில் இரண்டு எட்டில் தாண்டிவிடலாம். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது. ஆனால் தலைநிமிர்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த பாலைநிலம், நடுவே மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் காட்டன்வுட்டும் வில்லோவும். மத்திய அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகள் இந்தப் பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் பாலைவனத்தைக் கடக்கின்றன.

இங்கே பார்ப்பதற்குக் கூட்டம் இல்லை, தனித்தனிப் பறவைகள்தான். வெர்மிலியன் ஃபிளைகேட்சர் ஆண் பறவை நெருப்புத் துண்டு மாதிரி இருக்கும். ஒரு கம்பியில் உட்கார்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கம்பிக்கே திரும்பிவரும். ஆகவே அது பறந்துபோனால் கேமராவைத் திருப்பாமல் அப்படியே வைத்திருங்கள். பச்சை மீன்கொத்தி தண்ணீருக்கு அரையடி உயரத்தில் அம்பாகப் போகும். கண்டால் யோகம். மார்ச்சுக்குப் பிறகு சாம்பல் பருந்து காட்டன்வுட் உச்சியில் கூடு கட்டும். மழைக்காலம் பிறந்ததும் மஞ்சள் அலகுக் குயில் வந்துசேரும். இதன் மேற்குப் பகுதி இனத்தை 2014-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள், ஆற்றங்கரைக் காடு போனதுதான் காரணம்.

பறவை கிடைக்காத நாளிலும் இங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை, இதுதான் சான் பெட்ரோவின் பலம். பக்கத்திலேயே முர்ரே ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் க்ளோவிஸ் என்ற ஆதிகால மக்கள் மாமத் யானையை வேட்டையாடிய இடம் அது, சின்ன நடைபாதை போட்டுப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஃபேர்பேங்க் என்ற கைவிடப்பட்ட ரயில்வே ஊர், 1770-களில் ஸ்பானியர் கட்டிச் சில வருஷத்திலேயே காலிசெய்த தெரனாத்தே கோட்டையின் மண்சுவர்கள் என்று வரலாற்றுப் பிரியர்களுக்கு ஒரு நாள் போதாது. 1999 முதல் இங்கே ஓடையில் மரம் வெட்டி அணை கட்டும் விலங்கான பீவரை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். முன்பு இந்த ஆற்றில் அவை நிறைய இருந்தன, தோலுக்காக வேட்டையாடியே தீர்த்தார்கள்.

ஆறு ஏன் வாக்குறுதி தருவதில்லை? மழையில்லாத மாதங்களில் ஓடுவதெல்லாம் நிலத்தடியிலிருந்து ஊறிவரும் தண்ணீர். சியரா விஸ்டாவும் அதை ஒட்டிய ராணுவத் தளமும் புறநகர் வீடுகளும் அதே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகின்றன. 2005 ஜூலையில் சார்ல்ஸ்டன் அளவீட்டு நிலையத்தில் ஓட்டம் முதல்முறையாகப் பூஜ்ஜியமானது. ஜூன் மாதம் போனால் சில இடங்களில் ஈரமணல்தான் இருக்கும். மழை பிடித்த ஜூலை, ஆகஸ்டில் இதே கணுக்கால் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கலங்கல் வெள்ளமாகிவிடும். மேற்கே மலையில் கருத்திருந்தால் ஆற்றுப் படுகையில் இறங்கக் கூடாது, இங்கே மழை இல்லாவிட்டாலும்.

இதன் மறைமுகச் செலவு காலில்தான். காரிலிருந்து பார்க்க ஒன்றுமில்லை. நடக்க முடியாதவரை பண்ணைவீட்டு முற்றத்தில் ஹம்மிங்பேர்ட் பார்க்க உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்வரலாம், சிலருக்கு அதுவே பிடித்தும் போகும். வெயில் காலத்தில் ராட்டில் பாம்பு உண்டு, புல்லுக்குள் கால் வைக்காமல் பாதையிலேயே நடக்கவேண்டும். கழிப்பறை அடிப்படையானது.

அடுத்தது தாள்கள். சியரா விஸ்டாவிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை நோக்கி வடக்கே திரும்பும்போது எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி உண்டு. "எந்த நாட்டுக் குடிமகன்?" என்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டை வீட்டு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைப்பது நம் பழக்கம். இந்தப் பயணத்துக்கு மட்டும் அப்பா அம்மா பாஸ்போர்ட், விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) பிரதி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களும் அட்டையைக் கையோடு வைத்திருக்கவேண்டும், சட்டமும் அதுதான். சாதாரணமாக அரை நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். தாள் இல்லாவிட்டால் அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது.

குளிர்காலத்தில் சான் பெட்ரோ போனால் கொக்கு கிடையாதா என்றால், ஒரு வழி இருக்கிறது. கிழக்கே அடுத்த பள்ளத்தாக்கில் வைட்வாட்டர் ட்ரா என்ற சதுப்பு நிலம், சியரா விஸ்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஆற்றங்கரை இல்லை, ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை ஆயிரக்கணக்கில் கொக்குகள் இறங்கும். ஒரு சௌகரியம்: காலையில் வயலுக்கு மேயப்போகும் கொக்குகள் முற்பகல் கடைசியிலிருந்து திரும்பத் தொடங்கிவிடும். நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம், வெயில் ஏறியபிறகு போய்ச்சேர்ந்தாலும் பார்க்கலாம். தண்ணீர் மட்டம் எப்படி இருக்கிறது என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

## சிபோலா: பக்கத்தில் இருப்பதே அதன் பெருமை

ஹூவர், பார்க்கர் என்று வரிசையாக அணைகள் எழுந்தபின் கீழ்க் கொலராடோவில் வெள்ளம் நின்றது. வெள்ளம் நின்றதும் காட்டன்வுட் விதை முளைக்க ஈரவண்டல் இல்லாமல் போனது. ஆற்றை நேர்க்கோட்டில் வாய்க்காலாக்கி வெட்டினார்கள். இப்படிப் போன நிலத்துக்கு ஈடாக 1964-இல் உருவானது சிபோலா. வயல்களில் தீவனப் பயிர் விளைவிக்கிறார்கள். குளிர்காலத்தில் கனடா வாத்துகளும் ஓரளவு சாண்ட்ஹில் கொக்குகளும் வருகின்றன. காரில் சுற்றிவர ஒரு சின்னப் பாதை, காட்டன்வுட்–வில்லோ–மெஸ்கீட் தோப்புக்குள் ஒரு மைல் நடை. அரை நாளில் முடிந்துவிடும்.

மெஸ்கீட் என்றால் யாரென்று நினைக்கிறீர்கள்? நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய பங்காளி. ஊரில் நீதிமன்றம் வரை போய் வேரோடு பிடுங்கச் சொல்கிற குடும்பத்து மரம் இங்கே மண்ணின் மைந்தன். அதன் காய் பல உயிர்களுக்குச் சோறு, நிழல் பறவைகளுக்குக் கூடு. இங்கே வில்லன் உப்பு சிடார் என்னும் டாமரிஸ்க், ஐரோப்பிய ஆசியப் பக்கத்திலிருந்து வந்தது. போஸ்கேயிலும் அதை ஆயிரக்கணக்கான ஏக்கரில் இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டுப் பழைய மரங்களை நடுகிறார்கள். ராமநாதபுரத்துக்காரர் யாராவது உடன் வந்தால் இந்த வழக்கை முழுதாக விசாரித்துவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

செலவு குறைவு என்றாலும் சில சில்லறை விஷயங்கள். ப்ளைத் கலிபோர்னியா: பெட்ரோல் விலை எகிறும், டாங்கை அரிசோனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அங்கே மணி நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், சரணாலயத்தின் அரிசோனாப் பக்கத்துக்கு வந்தால் மறுபடி நம் நேரம். போன் தானாக மாற்றி மாற்றிக் காட்டிக் குழப்பும். ப்ளைத்தை விட்டால் கடை இல்லை. கடைசிப் பகுதி சரளைச் சாலை. மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கமே வரவேண்டாம், வெப்பம் அப்படி.

போஸ்கே பார்த்தவருக்கு சிபோலா சப்பென்றிருக்கும், அதை ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். ஆகவே இரண்டும் போகும் எண்ணம் இருந்தால் சிபோலாவை முதலில் வையுங்கள்.

## உங்கள் காரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து

டிசம்பரில் அப்பா அம்மா இருக்கிறார்கள், மூன்று நாள் விடுப்பு கிடைக்கும் என்றால் போஸ்கேதான், யோசிக்கவே வேண்டாம். அவர்கள் ஊர் திரும்பி வேடந்தாங்கல் பக்கம் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பர்தான், ஆனால் சனி ஞாயிறு மட்டுமே கையில் இருக்கிறது என்றால் ஏழு மணி நேரம் ஓட்டி ஒரு விடியல் பார்த்துவிட்டு ஏழு மணி நேரம் திரும்புவது யாருக்கும் நல்லதில்லை. சியரா விஸ்டாவில் ஒரு ராத்திரி தங்கி, சனிக்கிழமை வைட்வாட்டர் ட்ராவில் கொக்கு, ஞாயிறு காலை சான் பெட்ரோவில் நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராணுவ ஊர் என்பதால் சாப்பாட்டுக்கும் சொக்கோரோ அளவுக்குத் திண்டாட்டம் இல்லை.

கைக்குழந்தை இருக்கிறது, வெளியே தங்க முடியாது என்றால் சிபோலா. காலையில் கிளம்பி இருட்டுமுன் வீடு.

பறவை ஆர்வம் பிடித்துக்கொண்டவர், தனியாகவோ நண்பரோடோ போகிறவர் என்றால் என் ஓட்டு சான் பெட்ரோவுக்கு. போஸ்கேயை ஒருமுறை பார்த்தால் பார்த்ததுதான், மறுவருஷமும் ஏறக்குறைய அதே காட்சி. சான் பெட்ரோவில் ஏப்ரலில் பார்த்த இடம் ஆகஸ்டில் அடையாளம் தெரியாது. மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு இந்த ஆற்றைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

லேக் ஹவாசு பக்கம் ஏற்கெனவே போகத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. அங்கே லண்டனிலிருந்து கல் கல்லாகக் கொண்டுவந்து 1971-இல் திறந்த பழைய லண்டன் பாலம் இருக்கிறது, எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே கொஞ்சம் போனால் பில் வில்லியம்ஸ் ஆறு கொலராடோவில் சேரும் இடத்தில் சுமார் 6,000 ஏக்கர் சரணாலயம். அதற்காகவே கிளம்பத் தேவையில்லை, ஆனால் பாலத்தோடு சேர்த்தால் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளம்.

விசாக் கணக்கால் பெற்றோர் ஏப்ரலில் வந்து செப்டம்பரில் திரும்புகிறார்களா? கொக்கை மறந்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலேயே சான் பெட்ரோவை முடித்துவிடலாம். தவறினால் ஜூனில் அவசரப்பட வேண்டாம், அப்போதுதான் ஆறு மிக வற்றியிருக்கும். மழை இரண்டு மூன்று வாரம் பெய்து ஓய்ந்தபின் ஆகஸ்ட் நடுவில் போங்கள். ஃபீனிக்ஸைவிட வெப்பம் கணிசமாகக் குறைந்திருக்கும். ஹம்மிங்பேர்டுகள் அதிகம் கூடும் காலமும் அதுதான். பக்கத்து ராம்ஸி கேன்யனையும் சேர்த்துக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் ஆற்றங்கரையில் இருந்து, பதினொன்றுக்கு நடையை முடித்துவிடுங்கள். மழை மேகம் மத்தியானத்துக்கு மேல்தான் திரளும்.